செவலையின் காதில் மூன்று புள்ளி

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் நாய்களும் பூனைகளும் சண்டையில்லாமல் வாழ்ந்து வந்தன. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, அந்தக் காட்டில் அப்படித்தான்.

இரண்டு கூட்டத்துக்கும் பொதுப்பகை ஒன்று இருந்தது. கழிச்சல் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பால் மறந்த குட்டிகளைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும். தாயின் சீம்பால் தந்த காவல் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குப் பிறகு முள்ளம்பன்றி வைத்தியரின் முள்தான் துணை.

வைத்தியர் தம் முள்ளின் நுனியை மூலிகைச் சாற்றில் தோய்த்துக் குட்டியின் பிடரியில் ஒரு குத்து குத்துவார். மாதத்துக்கு ஒன்றாக மூன்று குத்து. குத்தி முடித்ததும் தேக்கங்கொழுந்தைக் கசக்கி, அந்தச் சிவப்புச் சாற்றால் காதுக்குள் ஒரு புள்ளி வைப்பார். மூன்று புள்ளி உள்ள குட்டிதான், எல்லாக் குட்டிகளும் கூடி விளையாடும் ஆற்று மணலுக்குப் போகலாம். அது காட்டு வழக்கம்.

செவலை என்ற நாய்க்குட்டிக்கு ஒரு புள்ளிதான் இருந்தது. அவசரம் மட்டும் மூன்று குட்டிக்குப் போதுமான அளவு இருந்தது.

"ஐயா, மிச்ச இரண்டையும் இன்றைக்கே குத்திவிடுங்களேன். நாளைக்கு மணலில் ஓட்டப் பந்தயம். ஜெயித்தால் ஏழாம் நாள் யானை மேல் ஏறிக் காட்டைச் சுற்றி வரலாமாம்" என்று கெஞ்சியது செவலை.

"ஒரே நாளில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒன்றாகத் தின்பாயா? உடம்பு மெல்லத்தான் கற்றுக்கொள்ளும்" என்றார் வைத்தியர்.

"அதுதான் ஒரு தடவை குத்தியாயிற்றே?"

"ஒரு தடவை சொன்னால் உன் மண்டையிலேயே ஏறுவதில்லை. உடம்புக்கு மட்டும் ஏறிவிடுமா? போய்விட்டு அடுத்த மாதம் வா."

செவலைக்கு அழுகை அழுகையாக வந்தது. யானைச் சவாரி அடுத்த மாதம் வரை காத்திருக்குமா? உர்ரென்று நடந்து வந்தபோது தேக்கு மரத்தில் ஒரு குரங்கு ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அதனிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பியது செவலை.

"இவ்வளவுதானா? புள்ளிதானே வேண்டும்?" என்றது குரங்கு.

இரண்டு கொழுந்தைப் பறித்தது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கியது. செவலையின் காதைப் பிடித்து, வைத்தியர் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளி வைத்தது. வைத்தியரே பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. செவலை மூன்று முறை சுற்றிச் சுற்றிக் குதித்தது.

மறுநாள் காலை மணலின் வாசலில் காவல் ஆமை காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவலை தன் காதை விரித்துக் காட்டியது.

"ஒன்று... இரண்டு..." என்று இழுத்தது ஆமை. "மூன்று. சரி, போ."

அடடா, அந்தப் பந்தயத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மயில் அகவியதும் பதினேழு குட்டிகளும் பாய்ந்தன. மணல் பறந்தது. முயல்குட்டி முந்தியது. நரிக்குட்டி அதை முந்தியது. செவலை காதை மடக்கிக்கொண்டு, நாக்கு தொங்க, வாலை நீட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். எல்லையில் நட்டிருந்த நாணலை முதலில் கடந்தது செவலைதான். யானையே தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. செவலையின் கால் தரையில் பாவவில்லை.

தாகம் தீர எல்லாரும் ஒரே மடுவில் தண்ணீர் குடித்தார்கள். முந்தின நாள் காய்ச்சல் கண்ட கிழநரி ஒன்று அந்த மடுவில் வாய் வைத்துவிட்டுப் போயிருந்தது. அது யாருக்குத் தெரியும்?

நான்கு நாள் செவலை காடு முழுக்கத் தன் வெற்றியைச் சொல்லித் திரிந்தது. ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வயிறு பிய்த்துக்கொண்டு போனது. தாய் நாய் பதறிப்போய் வைத்தியரை அழைத்து வந்தது.

வைத்தியர் முதலில் காதைத்தான் பார்த்தார்.

"மூன்று புள்ளி இருக்கிறதே. அப்படியானால் அந்தக் காய்ச்சல் இல்லை. எதையோ தின்று வைத்திருக்கிறான். சுக்கு வெந்நீர் கொடு, போதும். ஒட்டுகிற நோயில்லை, பயப்படாதே."

செவலைக்கு ஒரு பக்கம் நிம்மதி. குட்டு உடையவில்லை, யானைச் சவாரி பத்திரம். ஆனால் வயிறு சொன்னது வேறு. இது சுக்கு வெந்நீரில் தீருகிற நோயில்லை என்று செவலைக்கே தெரிந்தது.

"ஒட்டாது என்றால் நான் செவலையோடு படுத்துக்கொள்கிறேன். பாவம், நடுங்குகிறான்" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த பொந்தில் இருக்கும் பூனைக்குட்டி வெள்ளச்சி. செவலையின் உயிர்த்தோழி. அது குனிந்து பொந்துக்குள் நுழைய வந்தபோது அதன் காது தெரிந்தது. ஒரே ஒரு புள்ளி.

"வராதே, வெள்ளச்சி. அங்கேயே நில்" என்று கத்தியது செவலை.

பிறகு தன் காதை வைத்தியர் பக்கம் திருப்பியது.

"வைத்தியரே, இதில் ஒரு புள்ளிதான் நீங்கள் வைத்தது. மற்ற இரண்டும் குரங்கு வைத்தது. நான்தான் வைக்கச் சொன்னேன்."

வைத்தியரின் முட்கள் சிலிர்த்து நின்றன. கோபம்தான். ஆனால் கோபப்பட அது நேரமில்லை.

"வெள்ளச்சி, வீட்டுக்கு ஓடு. அம்மா, சுக்கை எடுத்துக் கொட்டு. நாழிகைக்கு ஒரு வாய் உப்புக் கஞ்சித் தண்ணீர் கொடு. நீ மட்டும் பக்கத்தில் இரு, வேறு யாரும் வரக்கூடாது. காது பொய் சொன்னால் நான் என்ன வைத்தியம் பார்ப்பேன்? இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிள்ளை உனக்கில்லை."

வைத்தியர் அங்கேயே தங்கி, வேரும் பட்டையும் இடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் செவலை பிழைக்குமா பிழைக்காதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்று குத்தும் வாங்கியிருந்த மற்ற குட்டிகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வெள்ளச்சிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏழாம் நாள் பறை முழங்க யானை அந்த வழியாக வந்தது. அதன் முதுகில் நரிக்குட்டி உட்கார்ந்திருந்தது. புள்ளி பொய் என்றதும் வெற்றியும் போய்விட்டதே. செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஏக்கமாகத்தான் இருந்தது. பார்ப்பதற்குக் கண் திறந்திருக்கிறதே என்று தாய் நாய் அழுதது.

மாதம் பிறந்ததும் செவலை எலும்பும் தோலுமாக, யாரும் கூப்பிடாமலே வைத்தியரின் புதருக்கு நடந்தது. அவர் குனிந்து தேக்கங்கொழுந்தைத் தேடினார்.

"ஐயா, புள்ளி கிடக்கட்டும். முதலில் குத்துங்கள்" என்றது செவலை.

நீதி: அடையாளம் காவலை ஏமாற்றும்; நோயை ஏமாற்றாது.