நாடாப்பாசியின் பூ

‘கூப்பிட்ட வீட்டுக்குப் போகாதவன் கர்வி, போன வீட்டில்…’ என்று மாசிலாமணியின் பெரியப்பா ஏதோ சொல்வார். பின்பாதி எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. முன்பாதியே போதும் என்றுதான் அன்று காலை அவருக்குத் தோன்றியது.

மடத்து வாசலில் கார் நின்றது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது.

மனைவி போன துக்கத்தோடு மடத்துக்கு வந்தவர் அவர். போன மழைக்காலத்தில் டவுனில் பேச அனுப்பினார்கள். தனக்குப் பேச வரும் என்பதே அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. ஜனங்கள் விடவில்லை. இப்போது அவருக்கென்று ஒரு கூடமே கட்டிவிட்டு, வந்து எங்களோடேயே இருந்துவிடுங்கள் என்று கார் அனுப்பியிருந்தார்கள்.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

“எமகண்டத்துக்கு முந்தி கிளம்பணும் சாமி,” என்றார் ஓட்டுநர் ஜெயபால். “அப்புறம், அந்தக் கழுதைக் கதையை இந்த வாரமும் சொல்லிருங்க. எங்க வீட்ல கழுதை ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிருவாங்க.”

மாசிலாமணியும் சிரித்து வைத்தார்.

மடத்துக்குத் தலைவி தில்லைநாயகி. மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். குளத்துப் படியில் உட்கார்ந்து சோற்றுப்பானை தேய்த்துக்கொண்டிருந்தார்.

“போகலாமா அம்மா?”

“பெட்டி ஏறியாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப யாரைக் கேக்கறீங்க?”

மாசிலாமணி படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் போனா அங்க நாலு பேருக்கு ஆறுதல். இங்க நான் பேசினா கேட்க யாரு? நீங்களும் இந்தப் பானையும்.”

“பானை நல்லாக் கேக்கும் ஐயா. கைதட்டாது, அவ்வளவுதான்.” அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “அங்க கடைசியாப் புதுசா என்ன பேசினீங்க?”

மாசிலாமணி யோசித்தார். கழுதைதான் வந்தது.

தில்லைநாயகி கரிபடிந்த விரலால் தண்ணீரைக் காட்டினார். குளத்தடியில் நாடா நாடாவாகப் பாசி அசைந்துகொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து நூல்போல ஒரு காம்பு எழும்பி, நீர்மட்டத்தில் அரிசியளவு வெள்ளைப் பூவோடு நின்றது.

“இவ்வளவு தூரம் எதுக்கு ஏறி வருது?” என்று கேட்டார் மாசிலாமணி.

“மகரந்தம் மேலேதான் மிதந்து வரும். அதை வாங்கிக்க.”

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா! பாசியே ஆனாலும் மேலே வந்தாத்தான் ஆகுது!”

“வரத்தான் வேணும். யாரு வேண்டாம்னா?” பானையைக் கவிழ்த்தார். “பக்கத்துச் செடியில கையை விட்டுப் பாருங்க.”

சலவை வேட்டி நனைய மாசிலாமணி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குனிந்து துழாவினார். ஒரு காம்பு அகப்பட்டது. அது நிமிர்ந்திருக்கவில்லை, ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தது. மெல்ல இழுத்தார். நீண்டது. விட்டார். மறுபடி சுருண்டு கீழே போனது. அதன் நுனியில், வேரை ஒட்டிச் சேற்றருகே, தீக்குச்சிபோல ஒரு பச்சைக் காய்.

“இது?”

“போன வாரம் மேலே நின்ன பூ.”

“யாரு கீழே இழுத்தா?”

“யாரும் இழுக்கல. வாங்க வந்ததை வாங்கியாச்சு. தானே சுருண்டு இறங்கிடுச்சு. காய் அங்கேதான் முத்தும்.”

வாசலில் ஹாரன் கேட்டது. ஒருமுறை. பிறகு நீளமாக இன்னொரு முறை.

மாசிலாமணி தண்ணீரிலேயே நின்றார்.

“இறங்காம மேலேயே நின்னுட்டா என்ன ஆகும் அம்மா?”

தில்லைநாயகி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்படி நின்ன பூவை நான் பார்த்ததில்லை ஐயா. நீங்க பார்த்தா வந்து சொல்லுங்க.”

ஈர வேட்டியோடு அவர் வாசலுக்கு வந்தார். ஜெயபால் முன்கதவைத் திறந்து பிடித்தார். மாசிலாமணி பின்பக்கம் போய்ப் பெட்டியை இறக்கினார்.