பொடிப் பை

மாதேஷுக்கு முப்பத்து நாலு வயது. பாறை ஏறுவதுதான் அவன் பிழைப்பு. தேசியப் போட்டியில் நான்கு முறை பட்டம் வாங்கியவன், இரண்டே விரலில் தொங்குவான், சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் தின்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு யானைத்தாடைப் பாறை மூன்று வருடமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் அதே இடம்தான். தாடை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பைத் தொடுவான். விரல் நழுவும். கயிற்றில் தொங்குவான். இந்த வருடம் மட்டும் முப்பது முறை விழுந்தாயிற்று. பங்குனி கடைசியில் மலைத்தேனீக்கள் வந்து அந்த விளிம்பில் கூடு கட்டிவிடும். பிறகு மழைக்காலம் முடியும்வரை யாரும் ஏற முடியாது. இப்போதே நாலைந்து தேனீக்கள் வந்து சுற்றத் தொடங்கியிருந்தன. அடுத்த வருடம்வரை தன் விரல் மூட்டுகள் தாங்கும் என்ற நம்பிக்கை அவனுக்கே இல்லை.

கடைசியில் நிலோஃபரிடம் வந்தான். அவனைவிட ஏழு வயது இளையவள். தோள்பட்டை போன பிறகு போட்டிகளை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆனவள்.

"என்கிட்ட என்ன குறையுது, கோச்?"

"ஏறுங்க, பாக்கறேன்."

கீழே நின்று கயிற்றைப் பிடித்தபடி மூன்று நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், ஏறும்போது எத்தனை தடவை பைக்குள் கை விட்டீர்கள் என்று கேட்டாள். உள்ளங்கை வேர்வையை உறிஞ்சும் வெள்ளைப் பொடி வைத்திருக்கும் சின்னப் பை அது. ஏறுகிறவர்களின் இடுப்புக்குப் பின்னால் தொங்கும். இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று என்றான் மாதேஷ்.

"பதினொண்ணு."

அவன் நம்பவில்லை. கைபேசியில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினாள். எண்ணிப் பார்த்தான். பதினொன்றுதான். ஒவ்வொரு தடவையும் ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் பொடியைத் துழாவிக்கொண்டிருந்தான். மாதேஷுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கை வேர்க்குது, கோச்."

"வீடியோவுல காய்ஞ்சுதான் இருக்கு."

பொடி இல்லாமல் தன்னால் ஒரு அடிகூட ஏற முடியாது என்று அவன் சாதித்தான்.

மறுநாள் காலையிலேயே வனக்காவலர் வந்து தேனீக்களை அண்ணாந்து பார்த்தார். மதியத்துக்குமேல் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் ஒரே ஒரு முயற்சிதான். நிலோஃபர் அவன் கைகளில் பொடியைத் தாராளமாகக் கொட்டித் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். பையை அவளே பின்னால் கட்டிவிட்டாள்.

ஆள் உயரம் தாண்டியதும் கை தானாகப் பைக்குள் போனது. வெளியே எடுத்துப் பார்த்தான். பொரி. பொட்டுக்கடலையும் கலந்திருந்தது.

"கோச், பைக்குள்ள பொரி இருக்கு."

"தெரியும். சாப்பிடுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. இறங்கிவிட்டால் இன்னொரு முறை ஏற நேரமில்லை. கையில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு ஏறினான். நாலு பிடி தள்ளிக் கை மறுபடியும் போனது. மறுபடியும் பொரி. இந்தத் தடவை அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு முறை பட்டம் வாங்கியவன் இருபது அடி உயரத்தில் பொரி மென்றுகொண்டு தொங்குகிறான். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. கீழே நிலோஃபரும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்த சிரிப்பில் விரல்களின் இறுக்கம் விட்டுப்போனது. போச்சு, விழுந்தோம் என்று நினைத்தான். விழவில்லை. பாதிப் பிடியிலேயே உடம்பு பாறையோடு சௌகரியமாக நின்றது. அவன் அசந்துபோனான்.

மூன்றாவது தடவை கை பாதி வழியில் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அது பை பக்கமே போகவில்லை.

விளிம்பு வந்தது. தொட்டான். விரல் நின்றது. காலை இழுத்து மேலே வைத்தான். சற்று நேரத்தில் பாறையின் உச்சியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். பட்டம் வாங்கிய எந்த நாளிலும் இப்படியொரு சந்தோஷத்தை அவன் அனுபவித்ததில்லை.

கீழே இறங்கியதும் நிலோஃபரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் தலையாட்டிவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"பொடி வேணாம்னா பையைக் காலியா கட்டி விட்டிருக்கலாமே, கோச்?"

"காலிப் பைக்குள்ள கை விட்டிருந்தா பயந்திருப்பீங்க," என்றாள் நிலோஃபர். "நீங்க பயந்து ஏறுறதைத்தான் மூணு நாளா பாத்துட்டேனே."