வாடைக்கு வந்த கோபம்

தூத்துக்குடிக் கடலில் ஒரு படகு இருந்தது. படகு ததேயுஸுடையது. கூடப் போகிறவன் அவன் மனைவியின் தம்பி பனிமயம். வழி சொல்ல ஒரு காம்பஸ், அதற்குள் ஓர் ஊசி. படகு எப்படித் திரும்பினாலும் ஊசி ஆடி ஆடி வடக்கே போய்த்தான் நிற்கும். ததேயுஸ் தப்பாகத் திருப்பினால் "இது இல்லப்பா" என்று முகத்துக்கு நேரே காட்டிவிடும். அதனால் அதன்மேல் அவனுக்கு எப்போதும் லேசான எரிச்சல்.

ஒருநாள் பனிமயம் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தான். ஆண்டவர் பாட்டு, மாதா பாட்டு, செபமாலை எல்லாம் அதில் உண்டு. அதைக் காம்பஸுக்கு வலப்பக்கம் ஒட்டி வைத்தான். அன்றைக்கு வலை கொள்ளாத மீன். "எல்லாம் பெட்டி வந்த நேரம்" என்றான். அது போதாதா? பெட்டிக்கு மாலை விழுந்தது. ஊதுவத்தி கொளுத்தி, பெட்டியைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் எஞ்சினையே கிளப்புவார்கள். செபமாலை சொல்வதை இருவரும் விட்டுவிட்டார்கள். அதுதான் பெட்டி சொல்லுதே.

பெட்டிக்குள் பெரிய காந்தம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும், சாமி பாட்டுப் பாடுகிறதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஊசி மட்டும் சந்தேகப்பட்டது.

"நீ வந்ததிலேருந்து எனக்கு ஆட்டமே இல்லையே, ஏன்?" என்று கேட்டது.

"அதுக்குப் பேரு சமாதானம்" என்றது பெட்டி.

"வடக்கு என்னைக் கூப்பிடுறதும் கேக்கல."

"வடக்கை நீ கண்ணால பாத்திருக்கியா? நான் உன் பக்கத்துலயே இருக்கேன். பேசாம சாஞ்சுக்கோ."

ஊசிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சாய்ந்துகொண்டது. வெயில் நாட்களில் கோயில் கோபுரத்தைப் பார்த்தே இருவரும் கரை வந்துவிடுவார்கள் என்பதால் ஊசியை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை மூட்டம் கடலை மூடியது. கரை மேற்கே. அது கண்ணுக்குத் தெரியாததால் ததேயுஸ் காம்பஸை நம்பிப் படகை விட்டான். ஊசி வலப்பக்கம் பெட்டியைப் பார்த்தே கிடந்ததால், காம்பஸோ முன்னால் இருப்பது மேற்கு என்று சொல்லிக்கொண்டே அவர்களை வடக்கே கொண்டுபோனது. அங்கே தண்ணீருக்கடியில் பாறை.

அப்போது வடக்கேயிருந்து வாடைக்காற்று எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. படகைப் பின்னால் தள்ளியது.

"பொறாமை. மாலை எனக்குல்ல விழுந்துச்சு" என்றது பெட்டி.

"ஆமா, பொறாமைதான்" என்றது வாடை. "என் புள்ளைங்க பாறையில மோதப் போறாங்க. அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க எனக்கு மனசில்ல."

இது மனுஷர் காதில் விழுமா?

"இந்தக் காத்துக்கு நம்ம மேல என்ன கோபமோ தெரியல மச்சான்" என்று பனிமயம் புலம்பினான். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இந்தக் காத்தை எங்கயாவது போகச் சொல்லு" என்று வேண்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினான்.

வாடை கொஞ்ச நேரம் நின்று கேட்டது.

"போகச் சொல்றாங்க" என்றது ஊசியிடம். பிறகு போய்விட்டது.

கடல் எண்ணெயாகக் கிடந்தது. படகு சுகமாக ஓடியது. "பாத்தீங்களா மச்சான், பெட்டியோட மகிமையை" என்றான் பனிமயம்.

ததேயுஸுக்கும் ஏதோ உறுத்தியது. ஐப்பசி வாடை இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிற்காதே. படகை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான். ஊசி அசையவில்லை. வலப்பக்கம் திருப்பினான். அப்போதும் அது மேற்கு என்றே காட்டியது.

"என்ன மாப்ள இது, எப்படிப் போனாலும் சரிங்குது?"

எஞ்சினை நிறுத்தினான். பாட்டையும் நிறுத்தினான். பாறையில் அலை உடைகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டது.

ததேயுஸ் பெட்டியைத் தூக்கினான். அது கையோடு விலக, ஊசி துள்ளிச் சுழன்று வடக்கே போய் நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நான் ஆண்டவர் பாட்டுப் பாடுறவன். என்னைத் தூக்கிப் போட்டா பாவம்" என்றது பெட்டி.

பனிமயமும் அதையேதான் சொன்னான். "சாமி பாட்டுப் பாடுற பெட்டி மச்சான். கடல்லயா போடுறது?"

"சாமி பாட்டைப் பாடிக்கிட்டேதானே மாப்ள நம்மளைக் கொல்லப் பாத்துச்சு" என்றான் ததேயுஸ். மாலையோடு பெட்டியைக் கடலில் போட்டான். படகை மேற்கே திருப்பினான்.

கொஞ்ச தூரம் போவதற்குள் வடக்கே கடல் கறுத்தது.

"மச்சான், காத்து திரும்பவும் கோபமா வருது."

"வரட்டும் மாப்ள. அது வராம இருந்தப்பதான் எனக்குப் பயமா இருந்துச்சு."