பொன்ராணிக்கு அடித்த இருநூறு போஸ்டர்கள்

இந்தக் கதையைச் சொல்ல எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், பொழுது சாய்வதற்குள் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். செத்தவர் படம் மேலே ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கும். அழுகிறவர் படமோ கும்பிட்ட கையும் தங்கக் கடிகாரமுமாகத் தாளை அடைத்துக்கொண்டு நிற்கும். செத்தது யார் என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட போஸ்டர்களை இருபத்தெட்டு வருடம் அடித்தவள் பொன்ராணி. சிவகாசியில் ஒன்பது வருடம் கூலிக்கு இருந்து தொழில் கற்றாள். பழைய அச்சு மிஷின் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தாள். பிறந்த வீட்டை ஒட்டிய காலிக் கொட்டகையில் அதை இறக்குவதாக ஏற்பாடு. அண்ணன் சௌந்தரபாண்டி வாசலில் மறித்தான்.

"பொம்பள மிஷின் ஓட்டுனா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றான்.

லாரிக்காரர் மிஷினைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி மழையில் மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. இருந்த சேலையையெல்லாம் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தாள் பொன்ராணி. தெருவே வேடிக்கை பார்த்தது. நாலாம் நாள் பஜாரில் ஒரு பழைய கோழிக்கடையை வாடகைக்குப் பிடித்து அச்சகம் வைத்தாள். அதன் பிறகு அண்ணன் அவள் வாசல் மிதிக்கவில்லை. அவளும் கல்யாணம் என்று ஒன்றைத் தேடிப் போகவில்லை, யார் முன்னாலும் போய் நிற்கவும் இல்லை.

அச்சகத்தில் அவள் வைத்த சட்டம் இரண்டுதான். சாவு வேலை என்று வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. எழுதிக் கொடுத்த வாசகத்தில் நாமாகக் கை வைக்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அச்சகத்தை யாருக்கு எழுதி வைத்தாளோ அந்த ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளே வேறொன்று கேட்டாள். ஸ்டெல்லா பன்னிரண்டு வருடமாக அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவள்.

"எனக்கு அடிக்கிற போஸ்டர்ல பொய் மட்டும் வேண்டாம், ஸ்டெல்லா."

"சத்தியமா வராதுக்கா."

பொன்ராணி போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், வெள்ளையும் சள்ளையுமாகச் சௌந்தரபாண்டி அச்சகத்துக்குள் நுழைந்தான். அவன் நிற்கிற வார்டு தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம்தான். கையில் எழுதிய தாள் இருந்தது. இருநூறு போஸ்டர் வேண்டுமாம்.

ஸ்டெல்லா தயங்கினாள்.

"சாவுக்குன்னு வந்தவன எந் தங்கச்சி திருப்பி அனுப்பவே மாட்டாளேம்மா" என்றான். அவள் சட்டத்தை அவளுக்கு எதிராகவே எடுத்து நீட்டினான்.

அந்த அச்சகத்தில் புரூஃபை வாடிக்கையாளரே வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சௌந்தரபாண்டி படித்தான். "என் தோளில் வளர்ந்து, என் கைபிடித்துத் தொழில் கற்ற தங்கையே, உன்னை ஆளாக்கிய அண்ணன் அழுகிறேன்." நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "எம் படத்த இன்னுங் கொஞ்சம் பெருசாக்கும்மா" என்றான். கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு அவன் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. யாரும் துப்பவில்லை.

முதல் நாளிலிருந்து அங்கே மிஷின் ஓட்டியவர் முப்பிடாதி. தாளைப் பார்த்தார். "இத ஓட்ட எங் கை வராது தாயி" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, கை மையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று போனார்.

ஸ்டெல்லா தானே மிஷினை ஓட்டினாள். வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. எந்தப் போஸ்டரிலும் அடியில் பொடி எழுத்தில் 'அச்சிட்டோர்: பொன்ராணி ஆப்செட்' என்று வரும். அக்காவைப் பற்றிய பொய்க்குக் கீழே அக்கா பேரே கையெழுத்துப் போல நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டாள்.

போஸ்டர் ஒட்டுகிறவன் சுடலை. பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் ஒட்டச் சொல்லி அனுப்பினான் சௌந்தரபாண்டி. சுடலை பசை வாளியோடு நேராகப் போய், இருநூறையும் சௌந்தரபாண்டியின் தெருவிலேயே, ஒரு சுவர் விடாமல் ஒட்டினான்.

"ஏல, எங்க ஒட்டிருக்க?"

"ஒங்க தெருவுலதான் அண்ணாச்சி. மிஷின் நனைஞ்சதப் பாத்தவங்க இங்கதான இருக்காங்க?"

அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து நின்று படித்தார்கள். ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சௌந்தரபாண்டி வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக மத்தியானம் வரைக்கும் தன் முகத்தைத் தானே சுரண்டிக்கொண்டிருந்தான். சுடலைக்குக் கூலி கிடைக்கவில்லை, அந்தத் தேர்தலுக்கு அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

ஓட்ட மாட்டேன் என்று போனவர் ஒருவர். பேரை எடுத்துவிட்டு அடித்தவள் ஒருத்தி. சொன்ன இடத்தை விட்டு வேறு இடத்தில் ஒட்டியவன் ஒருவன். சொல்லுங்கள், பொன்ராணிக்குச் சரியானதைச் செய்தவர் இவர்களில் யார்?

என்னைக் கேட்டால் சுடலைதான். முப்பிடாதி நல்லவர், ஆனால் அவர் தன் கையை மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டார். மிஷின் நிற்கவில்லை, ஸ்டெல்லாதான் அதன் முன்னால் தனியாக நின்றாள். சுடலையோ அந்தப் பொய்யைத் தெரியாதவர் கண்ணில் படவிடாமல், தெரிந்தவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பொய் அங்கேயே செத்தது. ஸ்டெல்லாவை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. கொடுத்த சத்தியத்தைப் பாதியாவது காப்பாற்றியதாக அவள் இன்றைக்கும் நம்புகிறாள். அந்தத் தாளில் பொன்ராணியைப் பற்றி உண்மையாக இருந்தது ஒரே ஒரு வரிதான். அதைத்தான் அவள் எடுத்துப் போட்டாள்.