முன்னால் போன மரக்குதிரை

கொம்பறைப்பட்டிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அதனாலேயே பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்லப் பயப்படுவார்கள்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு ஒரே ஒரு மனக்குறை. சின்ன வயதில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் குடை ராட்டினம் ஏறினான். முன்னால் இருந்த காதறுந்த மரக்குதிரையில் மாமன் மகள் மாரிக்கனி. கைக்கெட்டும் தூரம்தான். பிடித்துவிடலாம் என்று இவனும் தன் குதிரையின் விலாவில் உதைத்து உதைத்துப் பார்த்தான். ஆட்டம் முடிகிறவரை பிடிக்க முடியவில்லை.

வளர்ந்து ஆளாகிப் பெண் கேட்கப் போனபோது, மாரிக்கனி அந்தப் பேச்சைத்தான் எடுத்தாள்.

"அத்தான், அன்னைக்கே உங்களால என்னைப் பிடிக்க முடியலை. இந்தக் கொடைக்கு அதே ராட்டினத்துல அதே குதிரையில உக்காருதேன். பின்னால வந்து என்னைத் தொட்டுட்டா நம்ம கல்யாணம். இல்லைன்னா என்னைக் கேட்டு வந்திருக்க டவுன் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

ராட்டினமோ கோயில் கொட்டகையில் கரையான் ஏறிக் கிடந்தது. பூவலிங்கம் வெளியூரிலிருந்து சொர்ணம் ஆசாரியைக் கூட்டிவந்தான். ஆசாரி நடுத்தூணையும் அச்சையும் சரிசெய்து, ராட்டினத்தை வேப்பமரத்தடியில் நட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"குதிரைகளை நீங்களே பாத்துக்கிடுங்க. பழைய பெயிண்ட்டைச் சுரண்டிட்டு, இருந்த நிறத்தையே திரும்ப அடிங்க. நிழல்ல காய வைங்க. எல்லாக் குதிரையும் ஒண்ணுபோல இருக்கணும்."

பூவலிங்கமும் அவன் கூட்டாளிகள் சுடலைக்கண்ணும் ஐயம்பெருமாளும் வாய் பிளந்து கேட்டார்கள். இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆட்களை ஆசாரி பார்த்ததில்லை. நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

சுரண்டினார்கள். மேலே சிவப்பு. சிவப்புக்கு அடியில் பச்சை. அதற்கும் அடியில் நீலம். அதற்கும் அடியில் மரம்.

"ஏலே, இருந்த நிறம்னா எது?" என்றான் சுடலைக்கண்.

"மூணும் இருந்ததுதானே," என்றான் பூவலிங்கம். கல்யாண விஷயம், எதையும் விட்டுவிட அவனுக்குத் துணிச்சல் இல்லை. முதலில் நீலம் அடித்தார்கள். அதன்மேல் பச்சை. அதன்மேல் சிவப்பு.

"அடியில நீலம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் சுடலைக்கண்.

"குதிரைக்குத் தெரியும்லா!" என்றான் பூவலிங்கம்.

அடுத்து நிழல். ராட்டினத்தில் பாதி வேப்பமர நிழலில் நின்றது, பாதி வெயிலில். வெயிலில் நின்ற குதிரைகளை நிழலுக்குக் கொண்டுவர ராட்டினத்தைத் தள்ளினார்கள். அவை நிழலுக்கு வந்தன. நிழலில் இருந்தவை வெயிலுக்குப் போய்விட்டன. அவற்றை நிழலுக்குக் கொண்டுவரத் திரும்பத் தள்ளினார்கள். பொழுது சாயும்வரை தள்ளினார்கள்.

"சூரியன் பொல்லாதவன்லே," என்றான் ஐயம்பெருமாள், நாக்குத் தள்ள. "நாம எதை மறைச்சாலும் வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சிருதான்."

கடைசியாக, எல்லாக் குதிரையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மாரிக்கனியின் குதிரைக்கு மட்டும் இடது காது இல்லை. ரம்பம் எடுத்தார்கள். ஒரே மூச்சில் மற்ற எல்லாக் குதிரைகளின் இடது காதும் கீழே விழுந்தது. அதன் பிறகுதான் பூவலிங்கத்துக்குப் பகீரென்றது.

"ஐயோ, ஏலே, இப்ப இதுல மாரிக்கனி குதிரை எது?"

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். சுடலைக்கண்தான் யோசித்துச் சொன்னான். "மாப்ள, அன்னைக்கு உனக்கு முன்னால போனதுதானே அவ குதிரை? நீ ஏதாவது ஒண்ணுல ஏறு. முன்னால எது இருக்கோ அதுதான்."

ஏறிப் பார்த்தான். முன்னால் ஒரு குதிரை இருந்தது. இடது காதும் இல்லை. பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடை நாள். ஊரே கூடியது. மாரிக்கனி முன்னால் ஏறினாள், பூவலிங்கம் பின்னால். கூட்டாளிகள் தள்ளினார்கள்.

"வேகமாத் தள்ளுங்கலே!" என்று கத்தினான் பூவலிங்கம்.

வேகமாகத் தள்ளினார்கள். அவள் குதிரையும் வேகமாகப் போனது.

"உன் குதிரை இளைச்சிருச்சு மாப்ள," என்றான் சுடலைக்கண்.

"மரம் எப்படிலே இளைக்கும்?"

"உப்புத்தாள் போட்டு அந்தத் தேய் தேய்ச்சோமே, இளைக்காதா?"

"அதில்லை," என்றான் ஐயம்பெருமாள். "நாம துரத்துறது தெரிஞ்சுதான் அது ஓடுது. சத்தமில்லாம மெதுவாப் போவோம். அசந்த நேரமாப் பாத்து அமுக்கிருவோம்."

நுனிக்காலில் நடந்து தள்ளினார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முன் குதிரையும் நுனிக்காலில் போவதுபோல மெதுவாகவே போனது.

மாரிக்கனிக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன அத்தான், இன்னுமா வாரீங்க? இருங்க, நானும் உதவிக்கு வாரேன்!" இறங்கி ஓடிவந்து, அவன் குதிரையிலேயே பின்னால் ஏறி, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டாச்சு! தொட்டாச்சு!" என்று மாமா கத்தினார். "இறங்குங்க, தாலி கட்டணும்!"

"நான் எங்க மாமா தொட்டேன்? அவதான் என்னைத் தொட்டா," என்றான் பூவலிங்கம், முகம் வாடி. "அங்க பாருங்க, பாரம் குறைஞ்சதும் அவ குதிரை என்னமாப் போகுது!"

"அதானே," என்றாள் மாரிக்கனி. "விடாதீங்க அத்தான்!"

அந்த நேரம் பார்த்து டவுன் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வெளுத்த வேட்டி, கையில் பூத்தட்டு. "யாராவது முன்னால ஏறி அதை இழுத்துப் பிடிங்க!" என்று ஊரே கத்த, அவரும் தட்டைப் போட்டுவிட்டுக் காலிக் குதிரையில் தாவி ஏறினார். ஏறியவர் நிமிர்ந்து பார்த்தால், அவருக்கு முன்னால் ஒரு குதிரை. கைக்கெட்டும் தூரம்.

"அட, பிடிச்சிரலாம் போலிருக்கே!" என்று விலாவில் உதைக்க ஆரம்பித்தார்.

மாரிக்கனி அவரை எட்டிப் பார்த்தாள். "இவராலயும் முடியலை அத்தான். அப்ப நான் உங்களையே கட்டிக்கிடுதேன்."

ஊர் குலவையிட்டது. மேளம் கொட்டியது. ராட்டினத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் யாரும் நிறுத்தவில்லை. தாலியை எடுத்துக்கொண்டு பூசாரி அவசரமாக அவர்களுக்குப் பின்னால் இருந்த குதிரையில் ஏறினார்.

"கொஞ்சம் வேகமாத் தள்ளுங்கப்பா," என்றார், தாலியை நீட்டிப் பிடித்தபடி. "எட்டிருவேன்."