போகித் தீயில் ஒரு நடைவண்டி

ஆற்றங்கரை மடத்துக்குள் சிற்றம்பலம் நுழைந்தபோது அவர் வேட்டியில் போகிப் புகை இன்னும் மணத்தது. புகையைவிடக் கோபம்தான் அதிகம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஊரில் பெரிய ஜவுளி வியாபாரி. மடத்துக்குப் பல வருஷத்துச் சீடர்.

"தாயே, எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க!" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

குருவான செல்லாயி அம்மை பொங்கலுக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை.

"உட்கார்ந்து சொல்லு."

அவர் உட்காரவில்லை.

"வீட்டுல பொருள் குறைஞ்சா மனசுல பாரம் குறையும்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு விடியக்காலம் பரண், அலமாரி, உள்ரூம் எல்லாத்தையும் ஒழிச்சுத் தெருவுல போட்டுக் கொளுத்தினேன். அது ஒரு குத்தமா? வடிவு கோவிச்சுக்கிட்டு அக்கரையில அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இனிமே என் வீட்டுப் படி ஏற மாட்டேன்னு பரிசல்காரன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கா. விடிஞ்சா பொங்கல்! கட்டின பொண்டாட்டி செய்யற காரியமா இது?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. முப்பது வருஷத்தில் வடிவு இல்லாத வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவா, தாயே."

"எதையெல்லாம் எரிச்சே?"

"கிழிஞ்ச பாய், அவ பொறந்த வீட்டுப் பெட்டி, பழைய புடவைங்க, ஒரு நடைவண்டி."

"நடைவண்டியா?"

"நடக்கற வயசு வர்றதுக்குள்ள போயிட்டாளே எங்க பொண்ணு, அவளுக்கு வாங்கினது. அன்னிலேருந்து பரண்லதான் கிடந்துச்சு. ஒருநாள்கூட யாரும் உபயோகிக்காத சாமான்! அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

முறம் நின்றது.

சிற்றம்பலம் அதைக் கவனிக்கவில்லை. நியாயம் தன் பக்கம்தான் என்று நினைத்துவிட்டவனுக்கு எதிரில் இருப்பவர் முகம் எங்கே தெரியப்போகிறது?

"வடிவு ஒண்ணும் சொல்லலையா?"

"ஓடி வந்து தீக்குள்ள கையை விடப் போனா. நான்தான் பிடிச்சு இழுத்தேன். பற்று இருந்தா கை வேகத்தான் செய்யும்னு நாலு பேருக்கு முன்னால எடுத்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க."

"எரிஞ்சதுல உன்னோடது எது?"

"எனக்குன்னு என்ன இருக்கு, தாயே? நாலு வேட்டி, ஒரு திருநீற்றுப் பை. எனக்குத்தான் எது மேலயும் பற்றே கிடையாதே!"

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, புண்ணியம் மட்டும் தனக்கு என்று மார்தட்டுகிற ஆட்கள் எந்த ஊரில்தான் இல்லை? கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. சிற்றம்பலத்துக்கோ அத்தனை கோபத்திலும் முகம் மலர்ந்தது.

"தெருவே வந்து எட்டிப் பார்த்துச்சு. இது வீடா, மடமான்னு கேட்டாங்க. வீட்டுல இருந்துக்கிட்டே துறவியா வாழற மனுஷன்னு மேலத்தெரு வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அது தெரியுது ஊருக்கு. இவளுக்குத் தெரியலையே!"

அம்மை எழுந்து நின்றார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழும். மடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

"நான் சொல்லி அனுப்ப மாட்டேன். நீயே போய்க் கூப்பிடு. போறதுக்கு முன்னாடி உன் தெருவுல வீடு வீடா ஏறி நில்லு. 'நான் துறவியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பெத்தவளை ஒரு வார்த்தை கேக்காம அவ பிள்ளையோட நடைவண்டியை எரிச்சவன்'னு சொல்லு. முதல்ல வாத்தியார் வீட்டுல சொல்லு. அப்புறம் பரிசல் ஏறு."

சிற்றம்பலத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. குருவின் முன் நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

"என்ன பேசறீங்க, தாயே! எத்தனை வருஷமா கட்டிக் காப்பாத்தின பேரு! ஊருக்கு முன்னால என் மானம் என்னாகறது? அதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"கத்தாதேப்பா" என்றார் அம்மை. "நான் அதை இப்பத்தான் தொட்டிருக்கேன். இன்னும் தீயில போடலையே."