நெயில் பாலிஷ் கோடு

"குருவே, டிரைவ் பிழைச்சிடுச்சு. டிஸ்க்குதான் எல்லாம் செத்துப்போச்சு."

நமச்சிவாயம் பாதி பெருமையோடும் பாதி துக்கத்தோடும் இதைச் சொன்னார்.

குரு பல்கீஸ் நிமிரவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு பழைய கீபோர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்து மூன்று. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தி ரிட்டையர் ஆனவர். அந்தக் காலத்தில் இதே பல்கீஸை ஒரு பேப்பரில் ஃபெயில் ஆக்கிய புண்ணியவான். இப்போது ரிச்சி தெருவில், அவளுடைய மாடிக் கடையில், பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். முதலில் கிண்டலாகத்தான் "குருவே" என்றார். மூன்றாவது மாதம் கிண்டல் போய்விட்டது. பட்டம் நிலைத்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செலின் எழுந்துவிட்டாள்.

"செத்துப்போச்சுன்னா என்ன சார் அர்த்தம்?"

செலினும் அவள் தம்பியும் ஒரு பஸ் ஸ்டாண்டில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு இரண்டு. ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் தம்பியை யாரோ தத்தெடுத்துப் போனார்கள். இல்லத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. மிஞ்சியது ஒரு கம்ப்யூட்டர், பதினொரு ஃப்ளாப்பி டிஸ்க். அந்தக் கம்ப்யூட்டரின் டிரைவைத்தான் நமச்சிவாயம் பிழைக்க வைத்திருந்தார். தம்பி போன வீடு அந்தப் பதினொன்றில் ஒன்றில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை.

"தம்பியைத் தேடி எங்க போனாலும் அவன் பேரு என்னன்னு கேக்குறாங்க. பொட்டலம்னு சொல்றேன். சிரிக்கிறாங்க. அப்படி யாரும்மா பேர் வைப்பாங்க, சின்னப் பிள்ளையில தப்பா ஞாபகம் வச்சிருக்கேங்கிறாங்க. தப்பா இல்ல சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பல்கீஸின் பிரஷ் நின்றது.

"டிரைவை என்ன பண்ணீங்க சார்?"

"டிஸ்க்கைப் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். நம்ம டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டுப் பாத்தேன், படிக்கல. என்னடான்னு பாத்தா, ஹெட்டு நிக்க வேண்டிய தடத்துல நிக்கல. ஒரு மயிரிழை தள்ளி நிக்குது! ஹெட்டை நகர்த்துற மோட்டாரோட திருகைத் தளர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமா திருப்பினேன். கரெக்டா கொண்டாந்து நிறுத்தினேன். இப்ப கடையில இருக்கற அத்தனை டிஸ்க்கையும் படிக்குது குருவே. புது டிரைவ் தோத்துது போங்க!"

"இவங்க டிஸ்க்கு?"

"ஒண்ணுகூட இல்ல. முப்பது வருஷம் ஆச்சே. அழிஞ்சிருக்கும்."

"திருகைத் தளர்த்துங்க."

"மறுபடியுமா?"

"மோட்டாரைக் கொஞ்சம் தப்பா திருப்பி வைங்க."

அது நமச்சிவாயத்தின் அரை நாள் உழைப்பு. ஆனாலும் திருப்பினார்.

"ஒரு காலி டிஸ்க்கை ஃபார்மட் பண்ணுங்க. அதுல உங்க பேரை எழுதுங்க."

எழுதினார்.

"படிங்க."

திரையில் பளிச்சென்று நமச்சிவாயம் வந்து நின்றார்.

"அட! தப்பா இருக்கறப்பவும் படிக்குதே!"

"இப்ப கரெக்டா வைங்க."

வைத்தார்.

"படிங்க."

டிரைவ் கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

"உங்க பேரு செத்துப்போச்சா சார்?"

நமச்சிவாயம் டிஸ்க்கைப் பார்த்தார். டிரைவைப் பார்த்தார். மேஜை மேல் அடுக்கியிருந்த பதினொன்றையும் பார்த்தார்.

"ஐயையோ! இதையெல்லாம் எழுதினதே இந்த டிரைவ்தானே! தள்ளி நின்னுக்கிட்டே எழுதியிருக்கு!"

"கோடு எங்க?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தார்.

அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. எந்தத் திருகைத் தளர்த்தினாலும், அதற்கு முன் மோட்டாரையும் டிரைவின் உடம்பையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுக்க வேண்டும். திருப்பினால் கோடு இரண்டாக விலகும்; இரண்டு பாதியும் மறுபடி நேராகச் சேர்ந்தால் அதுதான் பழைய இடம். இதற்காகவே மேஜையில் ஒரு சிவப்பு பாட்டில் இருக்கும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

"போடல குருவே."

"ஏன்?"

"தப்பான இடத்துக்கு எதுக்கு அடையாளம்னு விட்டுட்டேன்."



"அப்ப திரும்பத் தப்பா வச்சிடுங்க சார்," என்றாள் செலின்.

இத்தனை வருட வாத்தியார் வேலையில் அவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"எந்தத் தப்புன்னு தெரியலையேம்மா. கரெக்டுன்னா ஒரு இடம். தப்புக்கு எத்தனை இடம்! தேடித் தேடி ஹெட்டு உரசினா டிஸ்க்கு உரிஞ்சே போயிடும்."

பல்கீஸ் பதினொன்றையும் செலின் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல எது போனா உங்களுக்குப் பரவாயில்ல?"

செலின் லேபிள்களைப் புரட்டினாள். சமையலறை என்று எழுதிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

குரு அதன் மூலையிலிருந்த சின்னப் பூட்டைத் தள்ளினாள், தவறியும் எதுவும் மேலே எழுதிவிடாதபடிக்கு. உள்ளே செருகினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் திருப்ப குருவே, வலமா இடமா?"

"காதை வைங்க சார்."

நமச்சிவாயம் ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். கரகர. இன்னும் ஒரு துளி. கரகர, கரகர. சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பக்கம் இல்லை. எதிர்ப் பக்கம் வந்தார். கரகர. கர.

டிக்.

"ஆ!" என்றார்.

"அசையாதீங்க!"

டிக். டிக். டிக். டிக். டிரைவ் ஒரு சீராக நடக்க ஆரம்பித்தது. நமச்சிவாயம் அப்படியே திருகை முடுக்கினார். திரையில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று.

"வியாழன், உப்புமா," என்று அவரே சத்தம் போட்டுப் படித்தார்.

"ஆமா சார்! வியாழக்கிழமை உப்புமாதான்! கட்டி கட்டியா இருக்கும்!"

செலின் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். குருவும் சிரித்துவிட்டாள், வாத்தியாரைச் சொல்லவே வேண்டாம். ஆறிப்போன உப்புமாவுக்கு இவ்வளவு கொண்டாட்டம் அந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

அடுத்து, சேர்க்கை என்று எழுதிய டிஸ்க்.

டிக். டிக். டிக்.

பெயர்கள் ஓடின. வருடங்கள் ஓடின. செலின் விரலைத் திரையில் வைத்தாள். அவளுடைய பெயர். அதற்கடுத்த வரியை அவளால் படிக்க முடியவில்லை. பல்கீஸ் படித்தாள்.

"ஆண் குழந்தை. வயது சுமார் இரண்டு. பெயர் தெரியவில்லை. அக்கா பொட்டலம் என்று கூப்பிடுகிறாள்."

"சொன்னேன்ல!" என்று செலின் கத்தினாள். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

வரியின் கடைசியில், தத்தெடுத்தவர்களின் வீட்டு முகவரி இருந்தது. காரைக்குடி. கதவு எண்கூட இருந்தது.

அவள் அதைக் கையில் எழுதினாள். பேப்பரிலும் எழுதினாள். மறுபடி கையில் எழுதினாள்.

நமச்சிவாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"இனிமே கரெக்டா வெச்சிடறேன் குருவே."

பல்கீஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படிக்காத ஒன்பது டிஸ்க்கை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். சிவப்பு பாட்டிலை நீட்டினாள்.

நமச்சிவாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தப்பான இடத்தில், நேராக ஒரு கோடு போட்டார்.